வீட்டுக்கு முன் ஸ்டேஷனைப் பாருங்கள்

சங்கத்தில் பொங்கல் விழா, பட்டிமன்றம், நூலகக் கூட்டம் என்று எதற்குப் போனாலும், காப்பி இடைவேளையில் யாராவது ஒருவர் என்னைத் தேடி வந்து அதே கேள்வியைக் கேட்கிறார். "சார், நீங்கள் ரயில்வேயில் இருந்தவர். எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம், சொல்லுங்கள்." கேட்பவர் ஊரிலிருந்து மாற்றலாகி வந்த வங்கி ஊழியராக இருப்பார். அல்லது தாராவியில் பிறந்து வளர்ந்து, இப்போது நல்ல கம்பெனியில் வேலை கிடைத்து, கல்யாணத்துக்கு முன் தனி வீடு தேடும் பையனாக இருப்பார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. எழுதித் தாருங்கள், போட்டுவிடுகிறோம் என்று ஆசிரியர் குழுவினர் சொன்னதால் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். சிவில் டிப்ளமா முடித்து 1983-இல் பம்பாய் வந்து சேர்ந்தேன். (ஊர்ப் பெயர் 1995-இல் மாறிவிட்டது. எங்கள் தலைமுறை வாயில் இன்னும் பம்பாய்தான் வருகிறது, அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.) முப்பத்தெட்டு வருடம் தண்டவாளப் பிரிவில் உத்தியோகம். பி.டபிள்யூ.ஐ. என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களைப் பிற்காலத்தில் செக்‌ஷன் எஞ்ஜினியர் ஆக்கினார்கள். வேலை என்னவோ ராத்திரி டார்ச் விளக்கோடு லைன் ஓரம் நடக்கும் அதே வேலைதான். 2021-இல் ஓய்வு பெற்று வடாலா மேற்கில் ஒரு பழைய கட்டடத்தில், இரண்டாவது மாடியில், லிஃப்ட் இல்லாமல் குடியிருக்கிறேன்.

வீட்டுத் தரகர்கள் சதுர அடியில் பேசுவார்கள். கார்ப்பெட் ஏரியா, பில்ட்-அப் ஏரியா, சூப்பர் பில்ட்-அப் ஏரியா என்று சுவரையும் மாடிப்படியையும் சேர்த்து விற்பார்கள். நான் நிமிடத்தில் பேசுகிறவன். இந்த ஊரில் காலையில் கதவைப் பூட்டியதிலிருந்து ஆபீஸ் நாற்காலியில் உட்காரும் வரை எத்தனை நிமிடம் என்பதுதான் வீட்டின் உண்மையான விலை. அதை வீட்டுக்குள் நின்று பார்த்தால் தெரியாது. ஸ்டேஷனில் நின்று பார்க்க வேண்டும்.

மாடுங்காவுக்கு வந்தவர்கள்

நமக்கு முன்னால் வந்தவர்கள் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். 1896-இல் பம்பாயில் பிளேக் பரவியது. நெருக்கடியான பழைய பேட்டைகளைத் திருத்தவும், ஊருக்கு வடக்கே புதிய குடியிருப்புகளை அமைக்கவும் 1898-இல் பம்பாய் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் என்று ஓர் அமைப்பை ஏற்படுத்தினார்கள். தாதர், மாடுங்கா, வடாலா, ஸயான் பகுதிகளில் அகலத் தெருவும் மரமும் பூங்காவுமாகத் திட்டமிட்டு மனை பிரித்தது அந்த டிரஸ்ட்தான். இன்று வடாலாப் பக்கம் ஐந்து தோட்டங்களைச் சுற்றி மாலை நடை போகிற அன்பர்கள், அந்த நிழல் பிளேக் வந்த புண்ணியத்தில் கிடைத்தது என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

கோட்டைப் பகுதியில் சுருக்கெழுத்தும் டைப்பும் தெரிந்த குமாஸ்தாக்களாக வந்த தென்னிந்தியர்கள் மாடுங்காவைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு அது ஊருக்கு வெளியே இருந்த இடம். வாடகை மலிவு, வீட்டுக்குள்ளேயே குளியலறை என்பன உண்மைதான். வரைபடத்தைப் பார்த்தால் வேறொன்றும் தெரியும். கிழக்கே ஜி.ஐ.பி. லைனில் மாடுங்கா ஸ்டேஷன், மேற்கே பி.பி.சி.ஐ. லைனில் மாடுங்கா ரோடு, பின்னால் ஹார்பர் லைனில் கிங்ஸ் சர்க்கிள். போதாததற்கு தாதரில் டிராம். டிராம் 1964-இல் நின்றுபோன பிறகும் நாம் தாதர் டி.டி. என்று டிராம் டெர்மினஸைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். ஒரு பாதை நின்றால் இன்னொன்றில் ஆபீஸ் போய்ச் சேரலாம் என்ற வசதி உள்ள இடத்தில் குடியேறினார்கள். கோயில், பள்ளிக்கூடம், ஓட்டல் எல்லாம் பின்னாலேயே வந்தன. ஆஸ்திக சமாஜம் 1923, தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932, ஸ்டேஷன் எதிரே ராமா நாயக் உடுப்பி சாப்பாட்டு விடுதி 1942.

ஜப்பானில் ஒஸாகா பக்கம் ஒருவர், கோபயாஷி இச்சிசோ என்று பெயர், 1910-இல் மின்சார ரயில் பாதை திறந்த கையோடு பாதை ஓரத்தில் மனை போட்டு, வீடு கட்டி, மாதத் தவணையில் விற்றார். ரயிலையும் வீட்டையும் ஒரே கடையில் விற்ற கெட்டிக்காரர். நம் ஊரில் இரண்டையும் வேறு வேறு ஆட்கள் விற்கிறார்கள். சேர்த்துக் கணக்குப் பார்க்கும் வேலை வாங்குகிறவன் தலையில் விழுகிறது.

வடாலாவில் பிரியும் பாதை

அதே 1910-ஆம் வருடம் டிசம்பரில்தான் ஹார்பர் லைனின் முதல் பகுதி, குர்லாவிலிருந்து ரே ரோடு வரை, திறக்கப்பட்டது. துறைமுகத்தை ஒட்டிய பாதை. 1915-இல் போர்ட் டிரஸ்ட் ரயில்வேயும் பாலார்ட் பியரிலிருந்து வடாலாவுக்கு வந்து சேர்ந்தது. ஆக வடாலா முதலில் சரக்குக்கான ஊர். கிழக்கே உப்பளங்கள். 1930-இல் உப்பு சத்தியாக்கிரகத் தொண்டர்கள் வடாலா உப்புக் கிடங்கில் புகுந்ததைப் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள்.

1925 பிப்ரவரி 3-ஆம் தேதி இந்தியாவின் முதல் மின்சார ரயில் வி.டி.யிலிருந்து குர்லாவுக்கு ஓடியது இந்தப் பாதையில்தான். 1,500 வோல்ட் நேர்மின்சாரம். பம்பாயின் மற்ற லைன்கள் எல்லாம் ஒவ்வொன்றாக 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்குப் போன பிறகு, கடைசி நேர்மின்சார லோகல் ஓடியதும் 2016 ஏப்ரலில் இதே ஹார்பர் லைனில். அதே மாதம் ஒன்பது பெட்டி வண்டிகளை நீட்டிப் பன்னிரண்டு பெட்டி வண்டிகளை விட ஆரம்பித்தார்கள். அதற்குமுன் பிளாட்பாரங்களை நீட்டும் வேலை நடந்தபோது எங்களுக்கெல்லாம் பல மாதம் ராத்திரித் தூக்கம் கிடையாது.

வீடு தேடுகிறவருக்கு இந்தச் சரித்திரத்தைவிட முக்கியம், வடாலா ரோடு ஸ்டேஷனில் பாதை இரண்டாகப் பிரிகிறது என்பது. தெற்கே வி.டி., அதாவது இன்றைய சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ், 9 கிலோமீட்டர், இருபது நிமிடம். வடக்கே போனால் ஒரு கிளை குருதேக் பகதூர் நகர், குர்லா, செம்பூர், மான்குர்ட் வழியே கடற்கழி தாண்டி வாஷி, நெருல், பேலாப்பூர், பன்வெல். இன்னொரு கிளை கிங்ஸ் சர்க்கிள், மாஹிம், பாந்த்ரா, அந்தேரி வழியே 2018-லிருந்து கோரேகாவ் வரை. ஒரே பிளாட்பாரப் பாலத்திலிருந்து கோட்டைக்கும், நவி மும்பைக்கும், மேற்குப் புறநகருக்கும் வண்டி மாறாமல் போகலாம்.

வீட்டில் ஒருவர் மட்டும் வேலைக்குப் போன காலத்தில் இது பெரிய விஷயம் இல்லை. என் அப்பா தலைமுறையில் ஆபீஸ் கோட்டையில், மனைவி வீட்டில். இன்று கணவனுக்கு ஒரு திசை, மனைவிக்கு நேர் எதிர்த் திசை. எனவே யார் யார் எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி, அந்த இரண்டு கோடும் எங்கே சந்திக்கின்றன என்று பாருங்கள். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் விளங்கும்.

ஐந்து நிமிட நடை

2022-இல் என் மகனும் மருமகளும் டோம்பிவிலியில் வாடகைக்கு இருந்தார்கள். மகனுக்குப் பேலாப்பூரில் வேலை. தாணா போய் வண்டி மாறிப் போவான். மருமகளுக்கு அந்தேரியில். ஃபாஸ்ட் வண்டியில் காட்கோபர், அங்கிருந்து மெட்ரோ. கதவிலிருந்து நாற்காலி வரை 1 மணி 40 நிமிடம். காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறவள் ராத்திரி எட்டரைக்கு வந்தால் பேரன் பாதி நாள் தூங்கியிருப்பான். அப்போது அவனுக்கு இரண்டு வயது. பகலில் பார்த்துக்கொண்டது எதிர் பிளாட் மராத்தி அம்மாள். தங்கமான மனுஷி. பேரன் அவரை 'ஆயி' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். மராத்தியில் அம்மா என்று அர்த்தம். மருமகள் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர்கள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். பத்லாப்பூரில் புதிதாக எழும்பும் கட்டடத்தில் இரண்டு படுக்கையறை வீடு. நாங்களும் வந்து கூட இருக்கலாம், பாட்டி பேரனைப் பார்த்துக்கொள்வாள். விளம்பரத் தாளில் நீச்சல் குளம், யோகா கூடம், 'ஸ்டேஷனிலிருந்து ஐந்தே நிமிடம்'. டோக்கன் கொடுப்பதற்கு முன் நான் ஒருமுறை பார்க்கிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பில்டரின் காரில் போய்ப் பார்க்கிற வழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். வேலை நாளில், சாயங்காலக் கூட்டத்தில், வி.டி.யிலிருந்து நீங்களே ஏறிப் போங்கள். முடிந்தால் ஜூலையில் போங்கள். நான் அப்படித்தான் போனேன். பத்லாப்பூர் வி.டி.யிலிருந்து சுமார் 68 கிலோமீட்டர். மழையில் இறங்கி ஷேர் ஆட்டோ வரிசையில் நின்றேன். 17 நிமிடம். சரி, நடந்தே பார்ப்போம் என்று மறுநாள் காலை திரும்ப வந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். 24 நிமிடம். நான் லைனில் நடந்து பழகியவன், மெதுவாக நடக்கிறவன் அல்ல. ஐந்து நிமிடம் என்பது மோட்டார் சைக்கிளில், ராத்திரி பதினொரு மணிக்கு, பின்னால் நாய் துரத்தினால்.

அன்று இரவு டைம்டேபிளும் பென்சிலுமாக அவர்களோடு உட்கார்ந்தேன். பத்லாப்பூரிலிருந்து மருமகளுக்கு ஒரு வழிக்கு 2 மணி 10 நிமிடம் ஆகும். வடாலாவில் எங்கள் பக்கம் வாடகைக்கு வந்தால் நடை 10, காத்திருப்பு 10, வண்டி 28, அந்தேரியில் இறங்கி நடை 7, ஆக 55 நிமிடம். வித்தியாசம் ஒரு வழிக்கு 75 நிமிடம், போக வர 150. வருடத்தில் 280 வேலை நாள் என்று வைத்தால் 700 மணி நேரம். அதாவது இரவும் பகலும் சேர்த்து 29 நாள். இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தால் முழுசாக இரண்டு வருடம், ரயிலில் நின்றுகொண்டு.

"நீ ஆறு மாதத்தில் வேலையை விட்டுவிடுவாய் அம்மா," என்றேன்.

"விட்டுடலாம்னுதான் மாமா நினைச்சிட்டு இருக்கேன்," என்றாள். மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

விஷயம் அங்கேதான் இருந்தது. அவள் சம்பளம் இல்லாமல் அந்த வீட்டுக்குத் தவணை கட்ட முடியாது. அந்த வீட்டுக்குப் போனால் அவள் சம்பளம் நிற்காது. படித்து, பரீட்சை எழுதி வாங்கிய வேலை. அவளுக்கு அதில் பிரியமும் இருந்தது. இந்தக் கணக்கு விளம்பரத் தாளில் எந்த மூலையிலும் இல்லை. இந்த ஊரில் எத்தனையோ பெண்கள் வேலையை விட்டதற்குக் குழந்தையைக் காரணம் சொல்கிறார்கள். பாதிக்குப் பாதி காரணம் ரயில்தான் என்பது என் அபிப்பிராயம்.

மகனுக்கு வடாலாவால் பெரிய லாபம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவனுக்கு மொத்தம் இருபது நிமிடம்தான் குறைந்தது. ஆனால் காலையில் கூட்டம் கோட்டையை நோக்கி வரும்போது அவன் எதிர்த்திசையில் பேலாப்பூர் போகிறான், பெரும்பாலும் உட்கார்ந்து போகிறான். சில வண்டிகள் வடாலாவிலிருந்தே கிளம்புகின்றன. எந்த ஸ்டேஷனிலிருந்து வண்டி கிளம்புகிறது என்பதைப் புதிதாக வருகிறவர்கள் கவனிப்பதே இல்லை. டோம்பிவிலிக்காரர்களில் பலர் காலையில் சீட்டுக்காகக் கல்யாண் வரை பின்னோக்கிப் போய், அதே வண்டியில் உட்கார்ந்து திரும்பி வருகிறார்கள். நாற்பது நிமிடம் கூடுதலாகச் செலவழித்தாலும் அவர்களுக்கு அது லாபம்.

ஏன் என்றால், நெருக்கடி நேரக் கூட்டத்துக்கு ரயில்வேயே வைத்திருக்கும் கணக்கு ஒரு சதுர மீட்டரில் 14 முதல் 16 பேர். ஒரு சதுர மீட்டர் என்பது நம் வீட்டுக் காரம்போர்டு மேஜையைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவே. அதற்கு மேல் வருகிறவர்கள் வாசலில் தொங்குகிறார்கள். 2025 ஜூன் 9-ஆம் தேதி காலை மும்ப்ரா அருகே வளைவில் எதிரெதிரே சென்ற இரண்டு லோகல்களின் வாசலில் தொங்கியவர்கள் விழுந்தார்கள். நால்வர் அன்றே மாண்டார்கள். தண்டவாளக்காரனாக ஒன்று சொல்கிறேன். வளைவில் வெளிப்புறத் தண்டவாளத்தை உயர்த்தி வைப்போம், அதனால் பெட்டி உள்பக்கம் சாயும். நீளமான பெட்டியின் நடுப்பகுதி ஒரு பக்கமும் முனைகள் மறுபக்கமும் சற்றுத் தள்ளி வரும். பக்கத்துப் பாதை வண்டிக்கும் இதற்கும் நடுவே இடைவெளி குறையும். அதற்கென்று கூடுதல் இடம் விட்டுத்தான் பாதை போடுவோம். ஆனால் அந்த அளவில் பெட்டி மட்டும்தான் உண்டு. முதுகில் பையை மாட்டிக்கொண்டு வெளியே தொங்கும் மனிதன் கிடையாது. மருமகள் டோம்பிவிலியில் இருந்தவரை தினமும் இரண்டு முறை கடந்த பாதை அது.

பத்லாப்பூரையும் கல்யாணையும் நான் குறை சொல்வதாக அந்தப் பக்கத்து அன்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அம்பர்நாத் படைக்கலத் தொழிற்சாலையைச் சுற்றியும், கல்யாண், டோம்பிவிலியிலும் நம்மவர்கள் கோயில் கட்டி, பஜனை நடத்தி, நிறைவாக வாழ்கிறார்கள். தாணாவில் வேலை பார்க்கிறவருக்கு டோம்பிவிலியைப் போல வசதியான இடம் கிடையாது. ஊர் எங்கே இருக்கிறது என்பதல்ல, உங்கள் வேலையிலிருந்து எங்கே இருக்கிறது என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

வடாலாவின் குறைகள்

எங்கள் பேட்டையில் குறை இல்லாமல் இல்லை. ஹார்பர் லைனில் போக ஒன்று, வர ஒன்று, இரண்டே பாதை. ஃபாஸ்ட் வண்டி என்ற பேச்சே இல்லை. ஓர் இடத்தில் சிக்னல் கெட்டால் பன்வெல் வரை எல்லாம் நிற்கும். அந்தேரிப் பக்கம் வண்டி குறைவு, ஒன்றை விட்டால் கால் மணி நேரத்துக்கு மேலும் காத்திருக்க நேரும். ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக். (இதற்காக என்னைத் திட்டிய வாசகர்களும் இருக்கக்கூடும். அந்த நான்கைந்து மணி நேரம் கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை வண்டி ஓடாது.) மழைக்காலத்தில் சுனாபட்டி, குர்லா இடையே தண்ணீர் நிற்கும். சாலையில் போகலாம் என்றால் கிங்ஸ் சர்க்கிளில் காந்தி மார்க்கெட் அருகே அங்கேயும் நிற்கும். 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தபோது ஊரே நடந்துதான் வீடு போய்ச் சேர்ந்தது. எந்த இடத்தில் வீடு பார்த்தாலும் அங்கே உள்ள இஸ்திரிக்காரரிடமோ பால்காரரிடமோ அன்று தண்ணீர் எந்த உயரம் வந்தது என்று கேளுங்கள். தரகர் சொல்ல மாட்டார்.

வடாலா கிழக்கு வேறு கதை. லாரி நிறுத்தம், ஆர்.டி.ஓ., சரக்கு யார்டு, தூசி. அங்கே இப்போது வானளாவிய கட்டடங்கள் எழும்பிவிட்டன. ஜன்னலிலிருந்து ஸ்டேஷன் பக்கத்தில் தெரியும், கால் நடைக்கு அப்படி இல்லை. வடாலா தீவு நகரத்துக்குள் இருப்பதால் ஆட்டோவும் கிடையாது. பஸ் அல்லது டாக்ஸிதான்.

வரப்போகிற ரயிலை நம்பி வீடு வாங்குவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1970-இல் சிட்கோ ஏற்பட்டு வாஷியில் வீடுகள் கட்டியபோது ரயில் வரும் என்று சொன்னார்கள். வந்தது 1992-இல். அதுவும் செலவில் மூன்றில் இரண்டு பங்கு சிட்கோவே ஏற்ற பிறகுதான் வந்தது. பன்வெல் வரை போக 1998 ஆயிற்று. ஆரம்பத்தில் குடியேறினவர்களின் குழந்தைகள் பஸ்ஸிலேயே கல்லூரி முடித்துவிட்டார்கள். பிறகு அவர்களுடைய வீட்டு மதிப்பு ஏறியது உண்மைதான், ஆனால் பஸ்ஸில் போன வருடங்களை யாரும் திருப்பித் தரவில்லை. எங்கள் பக்கத்தில் மோனோ ரயிலைப் பாருங்கள். 2014-இல் செம்பூரிலிருந்து வடாலா வரை விட்டார்கள். 2017 நவம்பரில் இரண்டு பெட்டிகள் தீப்பிடித்துப் பத்து மாதம் நின்றது. 2019-இல் ஜேக்கப் சர்க்கிள் வரை நீட்டினார்கள். 2025 ஆகஸ்டு மழையில் கூட்டம் தாங்காமல் நடுவானில் நின்றுபோய், தீயணைப்புப் படையினர் வந்து நூற்றுக்கணக்கானவர்களை இறக்கினார்கள். அடுத்த மாதமே சீரமைப்புக்காகச் சேவையை நிறுத்தி வைத்தார்கள். விளம்பரத்தில் 'மோனோ ரயில் அருகில்' என்று படித்து வீடு வாங்கினவர்களை எனக்குத் தெரியும். இன்று ஓடுகிற வண்டியை வைத்துக் கணக்குப் போடுங்கள். நாளைக்கு வருவது வந்தால் லாபத்தில் எழுதிக்கொள்ளலாம்.

வீட்டில் இருப்பவர் கணக்கு

என் கணக்கு முடிந்தது என்று நான் பென்சிலைக் கீழே வைத்தபோது என் மனைவி கேட்டாள்: "ரயில்ல போறவங்க கணக்கைப் போட்டீங்க. வீட்டுலயே இருக்கறவ கணக்கைப் போட்டீங்களா?"

அவளுக்குப் பத்லாப்பூர் வீடு பிடித்திருந்தது. இரண்டு படுக்கையறை, காற்றோட்டம், துளசி மாடம் வைக்க ஒரு பால்கனி, எல்லாவற்றுக்கும் மேலாக லிஃப்ட். முப்பது வருடமாக ரயில்வே குவார்ட்டர்ஸிலும் பிறகு இந்தச் சின்ன வீட்டிலும் சமைத்தவள். அவள் முழங்கால் வலியோடு இரண்டு மாடி ஏறுவதை நான் தினமும் பார்க்கிறேன். நியாயமான கேள்வி. ரயில் கணக்கை மட்டும் போட்டு முடித்துவிட்டால் பகல் முழுவதும் அந்த நான்கு சுவருக்குள் இருப்பவரை மறந்ததாக ஆகும்.

ஆகவே இன்னொரு தாள் எடுத்தோம். மாடுங்கா மார்க்கெட்டில் வாழைப்பூவும் முருங்கைக்காயும் உதிரிப் பூவும் வாங்கலாம், பஸ்ஸில் பத்து நிமிடம். கோயில், சண்முகானந்தா ஹால் கச்சேரி, தெரிந்த டாக்டர், தமிழில் பேச நாலு வீடு. பத்லாப்பூரில் காலை ஏழிலிருந்து ராத்திரி ஒன்பது வரை அவளும் பேரனும் மட்டும். நான் இருப்பேனே என்றேன். அதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

கடைசியில் அவள் சம்மதித்தாள், மூன்று நிபந்தனைகளோடு. மகன் எடுக்கும் வீட்டுக்கு லிஃப்ட் இருக்க வேண்டும் அல்லது தரைத்தளமாக இருக்க வேண்டும். பகலில் அவளும் பேரனும் அங்கேதான் இருப்பார்கள், அவள் எங்கள் மாடியை நாளுக்கு ஒருமுறைதான் ஏறுவாள். காய்கறி நான் வாங்கி வர வேண்டும். மூன்றாவது நிபந்தனை இன்றுவரை அமலில் இருக்கிறது.

கட்ராக் ரோடுக்குப் பக்கத்தில் ஒரு ரூம், கிச்சன், தரைத்தளம், பதினொரு மாத ஒப்பந்தத்தில் கிடைத்தது. டோம்பிவிலி வாடகையைவிட அதிகம், இடம் பாதி. அலமாரி ஒன்றை விற்க வேண்டியிருந்தது. மருமகள் இப்போது மாலை ஏழு மணிக்கு முன் வீட்டில் இருக்கிறாள். வேலையை விடவில்லை. சொந்த வீடு இல்லை என்ற குறை மகனுக்கு இருக்கிறது. அதைச் சின்னக் குறை என்று நான் சொல்ல மாட்டேன். வாடகை வீட்டில் வயதாகிப் போவோமோ என்ற பயம் இந்த ஊரில் எல்லோருக்கும் உண்டு.

எங்களுக்கு இப்படித் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து யோசிக்க முடிந்தது. தாராவியில் உள்ள நம் ஜனங்களுக்கு அந்த வாய்ப்பு எல்லோருக்கும் இருக்கப் போவதில்லை என்று தோன்றுகிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். ஒரு பக்கம் ஸயான், ஒரு பக்கம் மாஹிம், இரண்டு லைனும் நடந்து போகும் தூரம். விடியற்காலையில் இட்லி அவித்துத் தலையில் வைத்துக்கொண்டு நகரத்துக்குள் விற்கப் போகிறவருக்கு அந்த இடம்தான் மூலதனம். மறுசீரமைப்புத் திட்டத்தில் அங்கேயே வீடு பெறும் தகுதி இல்லாதவர்களுக்காக, 2024-இல் காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் உப்பள நிலங்களில் சுமார் 256 ஏக்கருக்கு மாநில அரசு ஒப்புதல் தந்தது. கொடுக்கும் வீடு எத்தனை சதுர அடி என்று எல்லோரும் விவாதிக்கிறார்கள். அந்த வீட்டு வாசலிலிருந்து ஸ்டேஷன் எத்தனை நிமிடம், முதல் வண்டி எத்தனை மணிக்கு, இட்லிப் பாத்திரத்தோடு அதில் ஏற முடியுமா என்றும் கேட்க வேண்டும். சங்கத்தில் சட்டம் தெரிந்த அன்பர்கள் இருக்கிறார்கள். கேட்டுச் சொன்னால் நல்லது.

எங்கள் விஷயத்திலும் அத்தியாயம் முடியவில்லை. மகன் இருக்கும் கட்டடம் அடுத்த வருடம் மறுகட்டுமானத்துக்குப் போகிறதாம், காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். பேரனுக்கு ஐந்து வயதாகிவிட்டது, பள்ளிக்கூடமும் கணக்கில் சேர்ந்துவிட்டது. மகன் செம்பூரில் ஒன்றும் குருதேக் பகதூர் நகரில் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறான். செம்பூர் வீடு பெரியது, ஆனால் மருமகள் வடாலாவில் இறங்கி வண்டி மாற வேண்டியிருக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்கு அந்தேரியிலிருந்து மருமகளும் நானும் ஏறி இரண்டு வீட்டுக்கும் நடந்து பார்ப்பதாக ஏற்பாடு. மனைவியும் வருகிறாள். இந்த முறை கடிகாரம் அவள் கையில் இருக்குமாம்.